எல்லைகளைக் கடந்த நியூத்திரினோவும் எல்லைக்குள் அடைபட்ட விஞ்ஞானியும்

1950ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 2ஆம் திகதி ஸ்டொக்ஹோமிலிருந்து ஹெல்சிங்கியைச் சென்றடைந்த பயணிகள் விமானத்திலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. முப்பத்தேழு வயதுடைய தந்தை, அவரது சுவீடன் நாட்டு மனைவி, மூன்று புதல்வர்கள். இத்தாலியில் கோடை விடுமுறையைக் கழித்துவிட்டு இங்கிலாந்துக்குத் திரும்பியிருக்க வேண்டியவர்கள் அவர்கள். மனைவியின் பெற்றோர் ஸ்டொக்ஹோமிலேயே வசித்து வந்தனர். அந்நகரில் ஓர் இரவு தங்கியிருந்தும் அவர்களுக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. ஹெல்சிங்கிக்குப் பின்னர் அந்தக் குடும்பத்தின் சுவடு முற்றாக மறைந்துபோயிற்று.

அந்தத் தந்தையின் பெயர் புரூனோ பொன்டெகோர்வோ. பிரித்தானியாவின் ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தின் பௌதிகவியலாளர். அடுத்த ஆண்டு ஜனவரியில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவியை ஏற்கவிருந்தவர். அதே ஹார்வெலில் பணிபுரிந்த கிளவுஸ் பூக்ஸ் என்பார் அணுகுண்டு இரகசியங்களைச் சோவியத் யூனியனுக்கு வழங்கினார் என்ற குற்றச்சாட்டில் கைதாகி ஏழு மாதங்களே கடந்திருந்த வேளை அது. எனவே மேற்குலகப் பத்திரிகைகள் என்ன முடிவுக்கு வந்திருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. 1951இல் வெளியான அமெரிக்கக் காங்கிரஸின் அணுசக்திக் குழுவினது அறிக்கை, பூக்ஸ் உள்ளிட்ட அணு ஒற்றர்களின் வரிசையில் பொன்டெகோர்வோவின் பெயரையும் சேர்த்துக் கொண்டது. 1955 மார்ச்சில் மொஸ்கோவில் பத்திரிகையாளர்களின் முன்னிலையில் அவர் தோன்றும் வரையில் அவர் உயிருடன் இருக்கிறார் என்பதே உலகுக்கு உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை.

அவர் ஒற்றரா, இல்லையா என்ற வினாவைச் சுற்றியே பல நூல்கள் எழுதப்பட்டுள்ளன. 2015இல் பிராங்க் குளோஸ் என்னும் பிரித்தானியப் பௌதிகவியலாளர் எழுதிய வரலாறு அவற்றுள் மிக விரிவானது. ஐயத்துக்கு இடமில்லாத ஆதாரம் எதுவும் இதுவரை வெளியாகவில்லை. ஆதலால் அவ்வினாவை அவ்விடத்திலேயே விட்டுவிட்டு, இந்த மனிதர் செய்த விஞ்ஞானத்தையும், அந்த விஞ்ஞானத்துக்கு அவர் தேர்ந்துகொண்ட நாடு எவ்வளவு இடங்கொடுத்தது என்பதையும் எடுத்து நோக்குவதே எமது எண்ணம். மூன்று வெவ்வேறு நோபல் பரிசுகளுக்கு அடிப்படையான கருத்துகளை முன்கூட்டியே எழுதிவைத்தும் அவற்றுள் ஒன்றையேனும் பெறாத ஒருவரின் வரலாறு இது.

பொன்டெகோர்வோ 1913 ஓகஸ்ட் 22ஆம் திகதி இத்தாலியின் பீசா நகரை அண்டிய கடற்கரை ஊரொன்றில், வசதி படைத்த யூதக் குடும்பத்தில் பிறந்தார். எட்டுச் சகோதர சகோதரிகளில் மூவர் உலகப் புகழ் பெற்றனர். மூத்தவரான குவிடோ மரபியல் விஞ்ஞானி. இளையவரான கில்லோ திரைப்பட நெறியாளர். பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்ஜீரிய மக்களின் போராட்டத்தைச் சித்திரித்து, 1966இல் வெனிஸ் திரைப்பட விழாவின் உயர் விருதைப் பெற்ற ‘அல்ஜியர்ஸ் போர்’ என்னும் படத்தை உருவாக்கியவர் அவரே. அப்படத்தை அறிந்த எமது வாசகர்கள் பலர் இருக்கக்கூடும். அதன் நெறியாளரின் அண்ணன் சோவியத் விஞ்ஞானி என்பதை அறிந்தவர்கள் சிலராகவே இருப்பர்.

பீசாவில் இரண்டாண்டுகள் பொறியியல் கற்ற புரூனோ, தமது பதினெட்டாவது வயதில் ரோமாபுரிக்குச் சென்று என்ரிகோ பேர்மியிடம் மாணவரானார். பேர்மியைச் சூழ்ந்திருந்த இளைஞர் குழுவில் இவரே வயதில் குறைந்தவர். ‘நாய்க்குட்டி’ என்று செல்லமாக அழைக்கப்பட்டார். 1934இல் அந்தக் குழு மூலகங்களை நியூத்திரன்களால் தாக்கி, அவை கதிர்த்தொழிற்பாடு பெறுகின்றனவா எனச் சோதித்து வந்தது. அப்போது பொன்டெகோர்வோவும் அமால்டியும் ஒரு விசித்திரத்தைக் கண்டனர். வெள்ளித் துண்டொன்றை மரமேசையின் மீது வைத்துச் சோதித்தால் ஒரு விளைவு. பளிங்கு மேசையின் மீது வைத்துச் சோதித்தால் வேறு விளைவு. சாதாரண ஆய்வாளர் ஒருவர் இதனை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கியிருக்கக்கூடும். பேர்மி ஒதுக்கவில்லை. மரத்திலுள்ள ஐதரசன் அணுக்களில் மோதி வேகம் தணிந்த நியூத்திரன்களே கருக்களால் இலகுவில் உள்வாங்கப்படுகின்றன என்பதை அவர் கண்டறிந்தார். பின்னாளில் அணு உலைகள் இயங்குவதற்கு வழிவகுத்த உண்மை அது.

1936இல் பாரிஸ் சென்று ஜோலியோ கியூரியின் ஆய்வுகூடத்தில் இணைந்தார். இரண்டாண்டுகளில் முசோலினியின் இனச் சட்டங்கள் இத்தாலிய யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் அரச பணிகளிலிருந்தும் வெளியேற்றின. திரும்பிச் செல்வதற்கு அவருக்கு நாடு இல்லாமற் போயிற்று. பிறப்பின் காரணமாகக் கதவடைக்கப்படுவது என்றால் என்னவென்பதை எமது வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை. 1939இல் அவர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். பாசிசத்தை உண்மையாக எதிர்த்து நிற்போர் கம்யூனிஸ்டுகளே என்பது அக்காலத்து இளைஞர் பலரின் எண்ணம். அவருடைய பிற்கால முடிவுகள் அனைத்தையும் விளங்கிக்கொள்வதற்கு இந்த ஒரு செய்தியை மனதிற் கொள்ளுதல் அவசியமாகும்.

1940 ஜூனில் ஜேர்மன் படைகள் பாரிஸை நெருங்கியபோது அவர் துவிச்சக்கர வண்டியில் புறப்பட்டு, தெற்கேயுள்ள துலூஸ் நகரை அடைந்தார். அங்கிருந்து லிஸ்பன், லிஸ்பனில் இருந்து கப்பல் மூலம் நியூயோர்க். அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் எண்ணெய்க் கிணறுகளை ஆராயும் கம்பனியொன்றில் வேலை கிடைத்தது. அங்கும் ரோமாபுரியின் மரமேசை அவருக்குக் கைகொடுத்தது. எண்ணெயிலும் நீரிலும் ஐதரசன் செறிந்திருப்பதால் துளைக்கிணற்றினுள் நியூத்திரன் மூலமொன்றை இறக்கி, பாறைகள் அதற்குக் காட்டும் மறுமொழியை அளந்தால் எந்தப் படையில் திரவம் உண்டு என அறியலாம். 1941இல் அவர் வகுத்த இம்முறை எண்ணெய்த் துறையில் இன்றும் கையாளப்படுகின்றது.

1943இல் கனடாவில் இயங்கிய ஆங்கில - கனேடிய அணுத் திட்டத்தில் அவர் சேர்ந்தார். முதலில் மொன்றியல், பின்னர் சோக் ரிவர். அங்கே, பாரநீர் கொண்டு இயங்கும் அணு உலையொன்றை வடிவமைக்கும் பணியின் நடுவில், அவரது வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த ஒரு தேடல் ஆரம்பமாயிற்று. அது நியூத்திரினோவைப் பற்றியதாகும்.

நியூத்திரினோ என்பது யாது? சில கதிர்த்தொழிற்பாட்டு மூலகங்களின் கருவிலிருந்து இலத்திரன் வெளியேறும்போது கணக்குப்படி இருக்க வேண்டிய சக்தியில் ஒரு பகுதி காணாமற் போவதை விஞ்ஞானிகள் அவதானித்திருந்தனர். சக்திக் காப்பு விதியே பொய்த்துவிட்டதோ என்று சிலர் ஐயுற்ற வேளையில், 1930இல் வூல்ப்காங் பவுலி என்பவர் கண்ணுக்கும் கருவிக்கும் புலப்படாத, மின்னேற்றம் அற்ற ஒரு துணிக்கை அந்தச் சக்தியை எடுத்துச் செல்கின்றது எனக் கூறினார். அதற்கு நியூத்திரினோ என்ற பெயரை நிலைநிறுத்தி, கோட்பாட்டையும் அமைத்தவர் பேர்மி. ஆயினும் அத்துணிக்கை சடப்பொருளுடன் தாக்கம் புரிவது மிக மிக அரிது. சூரியனிலிருந்து வருவனவற்றுள் மட்டும் எமது உடலின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி நியூத்திரினோக்கள் ஊடறுத்துச் செல்கின்றன. பகலில் தலைக்கு மேலிருந்து வருபவை இரவில் பூமியைத் துளைத்துக் காலடியிலிருந்து வருகின்றன. நாம் எதனையும் உணர்வதில்லை. இதனை ஒருபோதும் கண்டறிய இயலாது என்றே 1934இல் பெத்தே, பையர்ல்ஸ் ஆகிய இரு மேதைகள் கணித்துக் கூறியிருந்தனர்.

இயலும் என்று 1946இல் எழுதியவர் பொன்டெகோர்வோ. அவரது வாதம் மிக எளிமையானது. ஒரு நியூத்திரினோ தாக்கம் புரிவதற்கான சாத்தியம் அற்பமே. ஆனால் அணு உலையும் சூரியனும் அவற்றைக் கணக்கின்றி உமிழ்கின்றன. எதிரே வைக்கப்படும் பொருளும் தொன் கணக்கில் இருக்குமாயின் சிலவேனும் சிக்கத்தான் வேண்டும். எந்தப் பொருளை வைப்பது? அவர் குளோரீனைச் சுட்டினார். 37 என்ற திணிவெண்ணைக் கொண்ட குளோரீன் அணுவின் கரு நியூத்திரினோ ஒன்றை உள்வாங்கினால் ஆகன் வாயுவாக மாறும். குளோரீன் அடங்கிய திரவங்கள் மலிவானவை; உடைகளைச் சலவை செய்வதற்கே பயன்படுபவை. ஆகனோ எதனுடனும் சேராத சடத்துவ வாயு. எனவே பெருந்தாங்கியொன்றில் உருவாகும் ஒரு சில ஆகன் அணுக்களையும் வேறொரு வாயுவைச் செலுத்தி வெளியே எடுத்துவிடலாம். அந்த ஆகன் ஏறத்தாழ 35 நாள் அரைவாழ்வுக் காலம் கொண்டது என்பதால் ஆறுதலாக எண்ணிக் கணக்கிடவும் அவகாசம் உண்டு. அறிக்கை சில பக்கங்களே கொண்டது. அணு உலை பற்றிய செய்தி அதில் இருந்தமையால் ஆரம்பத்தில் இரகசிய ஆவணமாகவே வைக்கப்பட்டது.

இம்முறையை நடைமுறைப்படுத்தியவர் அமெரிக்கரான ரேமண்ட் டேவிஸ். தென் டகோட்டா மாநிலத்துத் தங்கச் சுரங்கமொன்றில், நிலத்தின் கீழ் சுமார் ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்தில், அறுநூறு தொன்னுக்கும் அதிகமான சலவைத் திரவத்தை நிரப்பி, 1960களின் பிற்பகுதி முதல் 1994 வரை அவர் சூரிய நியூத்திரினோக்களை எண்ணினார். அந்தப் பெருந்தாங்கி முழுவதிலும் இரண்டு நாட்களுக்கு ஓர் அணு என்ற வீதத்திலேயே ஆகன் உருவாயிற்று. அந்த ஒற்றை அணுவைத் தேடிப் பிடித்த பொறுமைக்கு 2002இல் நோபல் பரிசு கிட்டியது. வழியை எழுதி வைத்தவர் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே காலமாகிவிட்டார்.

இனிச் சோவியத் யூனியனுக்கு வருவோம். மொஸ்கோவிற்கு வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீற்றர் தொலைவில், வொல்கா நதிக்கரையில், சிறைக் கைதிகளின் உழைப்பையும் கொண்டு எழுப்பப்பட்ட இரகசிய ஆய்வுகூடம் ஒன்று இருந்தது. ‘நீரியல் தொழில்நுட்ப ஆய்வுகூடம்’ என்பது வெளியாரை ஏமாற்றுவதற்கு இடப்பட்ட பெயர். உள்ளே இருந்ததோ 1949 டிசெம்பரில் இயங்கத் தொடங்கிய, அந்நாளில் உலகிலேயே ஆற்றல் மிக்க துணிக்கை ஆர்முடுக்கி. பின்னர் டுப்னா என அறியப்பட்ட அவ்விடத்தில்தான் பொன்டெகோர்வோ தம் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். வீடு, ஊதியம், மதிப்பு யாவும் வழங்கப்பட்டன. 1953இல் ஸ்டாலின் பரிசு, 1963இல் லெனின் பரிசு, 1964இல் விஞ்ஞானக் கழகத்தின் முழு அங்கத்துவம். வழங்கப்படாதது ஒன்றே. மேற்கு நாடுகளில் நடைபெறும் மாநாடுகளுக்குச் செல்லவோ, அங்குள்ள கருவிகளை அணுகவோ அவருக்கு அனுமதி இருக்கவில்லை.

ஆய்வுகூடத்தில் வளர்ந்தவர் அவர். வெள்ளித் துண்டையும் மேசையையும் பார்த்துச் சிந்தித்துப் பழகியவர். ஆனால் நியூத்திரினோவைத் தேடுவதற்கு வேண்டிய பேரணு உலையோ உயர்சக்தி ஆர்முடுக்கியோ டுப்னாவில் இருக்கவில்லை. 1956இல் அமெரிக்காவின் அணு உலையொன்றின் அருகே ரெய்ன்ஸ், கோவன் ஆகிய இருவரும் வேறொரு முறையைக் கையாண்டு நியூத்திரினோவின் எதிர்த்துணிக்கையை முதன்முதலில் கண்டறிந்தனர். பொன்டெகோர்வோவால் அதனைச் சஞ்சிகைகளில் வாசிக்க மட்டுமே முடிந்தது. எனவே பரிசோதனையாளர் படிப்படியாகக் கோட்பாட்டாளராக மாறினார். கருவி இல்லாத இடத்தில் காகிதமும் பேனையும் இருந்தன. இதனை ஒரு நன்மையாகப் புகழ்ந்துரைப்போரும் உளர். எமக்கு அது உடன்பாடன்று. அவர் எழுதிய ஒவ்வொரு கோட்பாட்டுக் கட்டுரையும் ‘இந்தப் பரிசோதனையை இவ்வாறு செய்யுங்கள்’ என்று முகமறியாத எவருக்கோ விடுக்கப்பட்ட வேண்டுகோள் போன்றே அமைந்திருப்பதை நோக்கினால், அவர் எதனை இழந்திருந்தார் என்பது புலனாகும்.

அவற்றுள் ஒன்று 1959இல் எழுதப்பட்டது. இலத்திரனை ஒத்த, ஆனால் அதைவிட ஏறத்தாழ 200 மடங்கு திணிவுடைய மியூவன் என்னும் துணிக்கை உண்டு. மியூவனுடன் பிறக்கும் நியூத்திரினோவும் இலத்திரனுடன் பிறக்கும் நியூத்திரினோவும் ஒன்றா, வேறா? பெரிய ஆர்முடுக்கியொன்றிலிருந்து மியூவன்வகை நியூத்திரினோக்களைக் கற்றையாக வெளிவிட்டு, அவை மோதும்போது மியூவன்கள் மட்டும் தோன்றுகின்றனவா, இலத்திரன்களும் தோன்றுகின்றனவா எனப் பார்த்தால் விடை தெரிந்துவிடும் என்றார் பொன்டெகோர்வோ. இதனையொத்த எண்ணம் அமெரிக்காவில் மெல்வின் சுவாட்ஸ் என்பவருக்கும் சுயேச்சையாகத் தோன்றியிருந்தது. அவருக்கு நியூயோர்க் மாநிலத்தின் புறூக்ஹேவனில் புத்தம் புதிய ஆர்முடுக்கி இருந்தது. 1962இல் அவரும் லெடர்மன், ஸ்டைன்பேர்கர் ஆகியோரும் பரிசோதனையை நடத்தி, நியூத்திரினோ இருவகை என நிறுவினர். சோவியத் நாட்டில் அதற்கு ஒப்பான பேராற்றல் கொண்ட ஆர்முடுக்கி 1967இலேயே இயங்கத் தொடங்கியது. 1988இல் அமெரிக்கர் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர். ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர இயலாது என்பது விதி. பொன்டெகோர்வோ அப்போது டுப்னாவில் உயிருடன் இருந்தார்.

ஆயினும் அவரது பெயர் நிலைத்து நிற்கப்போவது மற்றொரு கருத்தினாலேயே ஆகும். அது பிறந்த விதம் சற்று வேடிக்கையானது. 1957ஆம் ஆண்டளவில் டேவிஸ் அணு உலையொன்றின் அருகே குளோரீன் முறையில் சில நிகழ்வுகளைக் கண்டுவிட்டார் என்ற வதந்தி டுப்னா வரை எட்டியது. அணு உலை வெளிவிடுவதோ எதிர்நியூத்திரினோ. குளோரீனை மாற்ற வல்லதோ நியூத்திரினோ. அப்படியாயின் வழியில் ஒன்று மற்றொன்றாக மாறியிருக்க வேண்டுமல்லவா என்று பொன்டெகோர்வோ சிந்தித்தார். வதந்தி பொய்யாயிற்று. சிந்தனை பொய்க்கவில்லை. எல்லைகள் திறந்திருந்து, டேவிஸிடமே நேரில் விசாரித்திருந்தால் அந்த எண்ணம் தோன்றாமலே போயிருக்கக்கூடும் என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

நியூத்திரினோ தன் வகையை மாற்றிக்கொள்வது எவ்வாறு? கச்சேரிக்கு முன்னர் தம்புராவைச் சுருதி சேர்ப்பதை நாம் கேட்டிருக்கிறோம். ஏறத்தாழ ஒரே சுருதியில் உள்ள இரண்டு தந்திகளை ஒருங்கே மீட்டினால் நாதம் ஒரே சீராக ஒலிப்பதில்லை. ஓங்கியும் தணிந்தும் அலைகின்றது. இரு தந்திகளின் அதிர்வுகளில் உள்ள நுண்ணிய வேறுபாடே அதற்குக் காரணம். சக்குவாண்டப் பௌதிகம் கூறுவதும் இத்தகையதே. நாம் ஒருவகை நியூத்திரினோ எனக் கொள்வது உண்மையில் சற்றே வேறுபட்ட திணிவுகளைக் கொண்ட நிலைகளின் கலவையாகும். தூரம் செல்லச் செல்ல அந்நிலைகள் ஒன்றுக்கொன்று முந்தியும் பிந்தியும் அதிர்வதால் கலவையின் தன்மை மாறுகின்றது. இலத்திரன் வகையாகப் புறப்பட்டது வழியில் மியூவன் வகையாகி, மீண்டும் இலத்திரன் வகையாக வரக்கூடும். இதுவே நியூத்திரினோ அலைவு எனப்படுவது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நியூத்திரினோக்களுக்குத் திணிவு இருத்தல் வேண்டும். அத்திணிவுகள் வேறுபடவும் வேண்டும்.

அந்த நிபந்தனைதான் அக்காலத்து அறிஞர்களை முகஞ்சுழிக்க வைத்தது. அதே 1957இல், நியூத்திரினோவுக்குத் திணிவே இல்லை என்ற அடிப்படையில் அழகிய கோட்பாடொன்றைச் சோவியத் யூனியனில் லண்டாவும், அமெரிக்காவில் லீ, யாங் ஆகிய இருவரும், இங்கிலாந்தில் பாகிஸ்தானியரான அப்துஸ் ஸலாமும் தனித்தனியே முன்வைத்திருந்தனர். பின்னர் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்ட ஸலாம் இவரே. அவர் தம் கருத்தை முதலில் எழுதியபோது, வேறு நல்ல விடயமாகச் சிந்திக்குமாறு பவுலி அறிவுரை அனுப்பினாராம்! அத்தகைய பெரியவர்கள் யாவரும் ஒரு பக்கம் நிற்க, திணிவு உண்டெனக் கொள்வோம் என்று மறுபக்கத்தில் பொன்டெகோர்வோ ஏறத்தாழத் தனித்தே நின்றார். நியூத்திரினோ இருவகை என்பது உறுதியான 1962இல் ஜப்பானியரான மக்கி, நக்ககாவா, சக்காத்தா மூவரும் வகைகள் கலந்திருக்கலாம் எனச் சுயேச்சையாக எழுதினர். இன்று அந்தக் கலவையைக் கணிக்கும் அட்டவணை நால்வரின் பெயராலும் வழங்குகின்றது.

1967இல் பொன்டெகோர்வோ மேலும் ஒருபடி சென்றார். டேவிஸின் தங்கச் சுரங்கத் தாங்கி முதல் முடிவைத் தருவதற்கு முன்னரே, அலைவின் காரணமாகச் சூரிய நியூத்திரினோக்கள் எதிர்பார்த்ததிலும் குறைவாகவே காணப்படக்கூடும் என எழுதினார். 1968இல் முடிவு வந்தது. எண்ணிக்கை குறைவாகவே இருந்தது. பின்னைய ஆண்டுகளில் அது கணிப்பின் மூன்றிலொரு பங்கு எனத் தெளிவாயிற்று. உடனே உலகம் பொன்டெகோர்வோவை நோக்கித் திரும்பியதா என்றால் இல்லை. டேவிஸின் இரசாயனம் பிழை என்றனர் பௌதிகவியலாளர். சூரியனைப் பற்றிய கணக்குப் பிழை என்றனர் வேறு சிலர். 1969இல் லெனின்கிராட்டின் விளாடிமிர் கிரிபோவ் என்னும் இளம் கோட்பாட்டாளருடன் சேர்ந்து அவர் எழுதிய சிறு கட்டுரையும் நெடுங்காலம் அதிகம் கவனிக்கப்படாமலே கிடந்தது.

விடை வெளிவர மூன்று தசாப்தங்கள் சென்றன. அவ்விடையின் ஒரு வேர் தென்னிந்தியாவில் உண்டு என்பதை எமது வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று. அண்டவெளிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போதும் நியூத்திரினோக்கள் பிறக்கின்றன. அவற்றை 1965இல் முதன்முதலாகக் கண்டவர்கள் இரு குழுவினர். ஒரு குழு தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் இருந்தது. மற்றையது, தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்க வயலில், நிலத்தின் கீழ் இரண்டு கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் இந்திய, ஜப்பானிய, பிரித்தானிய விஞ்ஞானிகள் அமைத்த கருவி. 1998இல் ஜப்பானில் 50,000 தொன் நீர் நிரம்பிய சூப்பர் கமியோகாண்டே கருவி இத்தகைய நியூத்திரினோக்களையே ஆராய்ந்தது. தலைக்கு மேலுள்ள வளிமண்டலத்தில் இருந்து வரும் மியூவன் வகை எதிர்பார்த்த அளவில் இருந்தது. பூமியைத் துளைத்து, பன்னீராயிரம் கிலோமீற்றர் வரை கடந்து கீழிருந்து வருவதோ ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்திருந்தது. வழியிலே அவை வகை மாறிவிட்டன.

சூரியனைப் பற்றிய வழக்குக் கனடாவில் தீர்க்கப்பட்டது. சட்பரி நகரின் நிக்கல் சுரங்கத்தில், இரண்டு கிலோமீற்றர் ஆழத்தில், 1,000 தொன் பாரநீரைக் கொண்ட கருவி இலத்திரன் வகை நியூத்திரினோக்களைத் தனியாகவும் எல்லா வகைகளையும் சேர்த்தும் அளந்தது. 2001, 2002ஆம் ஆண்டுகளில் வெளியான முடிவுகளின்படி, சூரியனில் இருந்து வரும் மொத்தத் தொகை கணிப்புக்கு இணங்கியது. இலத்திரன் வகை மட்டுமே மூன்றிலொன்றாகச் சுருங்கியிருந்தது. டேவிஸின் இரசாயனத்திலும் பிழையில்லை, சூரியனின் கணக்கிலும் பிழையில்லை. இவ்விரு கருவிகளின் ஆய்வுகளில் முக்கிய பங்காற்றிய தக்காக்கி கஜித்தாவுக்கும் ஆர்தர் மக்டொனால்டுக்கும் 2015ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தப் பாரநீர், கனேடிய அணுசக்தி நிறுவனம் இரவலாகக் கொடுத்தது. கனடாவின் முதற் பாரநீர் உலைகளுள் ஒன்றை வடிவமைப்பதில் தோள்கொடுத்தவர்களில் பொன்டெகோர்வோவும் ஒருவர் என்பதை மேலே கண்டோம்.

அவரது சொந்த வாழ்வு குறித்தும் சில சொல்லியாக வேண்டும். அவர் எடுத்த முடிவின் விலையைச் செலுத்தியவர் அவர் மட்டுமல்லர். வேற்று மொழி வழங்கும் மூடிய நகரொன்றில் விடப்பட்ட மனைவி மனநோயுற்றுப் பல காலம் மருத்துவமனைகளிற் கழித்தார். ஹங்கேரிய எழுச்சி 1956இல் நசுக்கப்பட்டபோது தம்பி கில்லோ கட்சியை விட்டு விலகினார். அண்ணன் விலகவில்லை. அவர் இருந்த இடத்தில் விலகுதல் அத்தனை எளிதுமன்று என்பதையும் நாம் கருத்திற் கொள்ள வேண்டும். இத்தாலிக்கு ஒரு தடவையேனும் சென்றுவர 28 ஆண்டுகள் காத்திருந்தார். 1978இல், மரமேசை நாட்களின் தோழரான அமால்டியின் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டியே அந்த அனுமதி கிடைத்தது. அதற்குள் நடுக்குவாதம் அவரைப் பற்றத் தொடங்கியிருந்தது. சோவியத் யூனியன் கலைந்த பின்னர், முதுமையில் அளித்த செவ்விகளில், தமது அரசியல் நம்பிக்கை மதநம்பிக்கையை ஒத்ததாக இருந்தது என்றும் தாம் ஏமாந்துபோனதாகவும் அவர் ஒப்புக்கொண்டார். இத்தாலிய எழுத்தாளர் மிரியம் மபாய் 1992இல் வெளியிட்ட அவரது வரலாற்றுக்கு ‘நீண்ட குளிர்’ என்றே பெயர்.

பாசிசம் துரத்திய ஒருவரை ஏதோவொரு கொள்கையிடம் கொண்டுபோய்ச் சேர்த்த காலத்தின் மீதும் குற்றம் உண்டு. இருந்தும், கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்ட விஞ்ஞானி ஒருவர் இந்த ஒரு விடயத்தில் மட்டும் நாற்பது ஆண்டுகள் கேள்வி கேளாதிருந்தமைக்கு எம்மால் சமாதானம் காண இயலவில்லை.

1993 செப்டெம்பர் 24ஆம் திகதி டுப்னாவில் அவர் காலமானார். அவரது விருப்பப்படி அஸ்தியின் ஒரு பாதி டுப்னாவிலும் மறுபாதி ரோமாபுரியிலுள்ள கத்தோலிக்கர் அல்லாதோரின் மயானத்திலும் அடக்கம் செய்யப்பட்டன. 1956இல் பல நாடுகளின் கூட்டு நிறுவனமாக மாற்றப்பட்ட டுப்னா ஆய்வு நிலையம் 1995 முதல் அவர் பெயரால் பரிசொன்றை வழங்கி வருகின்றது.

விஞ்ஞானத்தைப் பிரிக்கும் எல்லைகள் அவருடன் மறைந்துவிடவில்லை. உக்ரேன் போரைத் தொடர்ந்து ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையமான சேர்ன் ரஷ்யாவுடனான ஒத்துழைப்பு உடன்படிக்கையை 2024 நவம்பர் 30ஆம் திகதியுடன் முடிவுறுத்திக் கொண்டது. டுப்னாவுடனான தனி உடன்படிக்கையை மட்டும் அது முறிக்கவில்லை. அந்த விதிவிலக்கு சரியா என்பதில் ஐரோப்பாவிலேயே ஒருமித்த கருத்து இருக்கவில்லை. போர் தொடுத்த நாடு விலை கொடுக்கத்தான் வேண்டும் என்போரின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வதந்தியைச் சரிபார்ப்பதற்குக்கூட ஆளனுப்ப முடியாத நிலையில் டுப்னாவில் இருந்த மனிதரையும் நாம் எண்ணிப் பார்க்கின்றோம்.

நியூத்திரினோக்களின் திணிவு எவ்வளவு என்பது இன்னமும் தெரியவில்லை. நியூத்திரினோவும் எதிர்நியூத்திரினோவும் உண்மையில் ஒன்றேதானா என்ற வினாவும் விடையின்றியே இருக்கின்றது. 1957இல் பொன்டெகோர்வோ எழுதிய முதற் கட்டுரை தொட்ட இடம் அது. இன்று மூன்று வகைகள் அறியப்பட்டுள்ளன. மூன்று திணிவு நிலைகளுள் எது பாரமானது, எது இலேசானது என்ற வரிசையைக் கண்டறியும் நோக்குடன், தென் சீனாவில் நிலத்தடியில் 20,000 தொன் திரவம் நிரப்பிய ஜூனோ என்னும் கருவி 2025 ஓகஸ்டில் தரவுகளைச் சேகரிக்கத் தொடங்கியுள்ளது. ஏறத்தாழ 53 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அணு உலைகளில் இருந்து வரும் எதிர்நியூத்திரினோக்களின் அலைவையே அது அளக்கின்றது. அதனை அமைத்த நாடுகளின் பட்டியலில் இத்தாலியும் உண்டு, டுப்னா நிறுவனமும் உண்டு.